பாட்டத்துக்குக் கிடைக்கும் பெயர்

புதிதாகத் தொழில் தொடங்கும் ஒருவர் வங்கிக் கணக்கையும் ஜிஎஸ்டி எண்ணையும் கடைப் பலகையையும் பற்றி யோசிப்பதற்கு முன்பாகவே இணையத்தில் தமக்கென ஒரு பெயரைத் தேட வேண்டிய காலம் இது. அந்தப் பெயர் இரண்டு உருவங்களில் தேவைப்படுகிறது: ஒன்று, உலாவியில் தட்டினால் நிறுவனத்தின் இணையதளத்துக்குக் கொண்டு சேர்க்கும் டொமைன் எனப்படும் களப்பெயர், மற்றொன்று, இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ் முதலிய சமூக ஊடகங்களில் ஒரு கணக்கை அடையாளப்படுத்தும் ஹேண்டில் எனப்படும் பயனர்பெயர். இவ்விரண்டும் ஒரே எழுத்துக்கூட்டில் அமைந்தால் வாடிக்கையாளர் ஒருமுறை கேட்ட பெயரைக் கொண்டே எங்கும் தேடி வந்துவிட முடியும் என்பதால், புத்தொழில் நிறுவனங்கள் இந்தப் பொருத்தத்துக்காகப் பெரும்பணம் செலவிடுகின்றன. அந்தச் செலவில் எது தேவையானது, எது வீண் என்பதை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சிறு முதலீட்டில் தொழில் தொடங்குவோர் தெளிவாக அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் இவ்வணிகத்தின் விதிகள் வேறு ஊர்களில் எழுதப்பட்டிருந்தாலும், அவற்றால் எழும் சிக்கல்களில் சில நாஞ்சில் நாட்டுக்கே உரியவை.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அடையாளம் காண்பவை. எண்களை மனிதர் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால், பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் களப்பெயர் முறைமையை அமெரிக்காவின் பால் மோக்கபெட்ரிஸ் 1983இல் வகுத்தளித்தார். 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்னும் கணினி நிறுவனம் முதல் டாட் காம் பெயரைப் பதிவு செய்தது. இன்று இந்த அமைப்பை 1998இல் உருவான ஐகேன் என்னும் அமைப்பு மேற்பார்வையிடுகிறது. அதன் கீழ், டாட் காம், டாட் இன் போன்ற ஒவ்வோர் ஈற்றுக்கும் பேரேட்டைக் காக்கும் பதிவகம் ஒன்று உண்டு. பதிவகத்துக்கும் பொதுமக்களுக்கும் இடையே நின்று பெயரை விற்பவர் பதிவாளர். இந்தியாவுக்குரிய டாட் இன் பதிவகத்தை நிக்சி எனப்படும் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்றகம் நடத்துகிறது. 2005இல்தான் அது பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது.

விற்பவர், வாங்குபவர் என்று பேச்சில் சொல்லப்பட்டாலும், களப்பெயரை எவரும் விலைக்கு வாங்குவதில்லை. ஓராண்டு முதல் பத்தாண்டு வரையிலான காலத்துக்கு அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே கிடைக்கிறது. காலம் முடிந்தால் மறுபடி கட்டணம் செலுத்த வேண்டும். நாஞ்சில் நாட்டு வயல்காரர்களுக்கு இதை விளக்கப் புதுச்சொல் தேவையில்லை, இது பாட்டம். பிறர் நிலத்தை ஆண்டுக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பயிரிடும் உரிமையைத்தான் அங்கே பாட்டம் என்பார்கள். திருவிதாங்கூர் அரசு 1865இல் வெளியிட்ட பாட்ட விளம்பரத்தின் மூலம், சர்க்கார் பாட்ட நிலங்களைப் பயிரிட்டு வந்தவர்களுக்கு அந்நிலங்களை விற்கவும் ஒற்றி வைக்கவும் உரிய முழு உரிமை கிடைத்தது. இணையத்தில் அப்படியொரு விளம்பரம் இன்றுவரை வரவில்லை. கோடிக்கணக்கில் பணம் கொடுத்துப் பெற்ற பெயரும் ஆண்டுக் கட்டணம் நின்றால் கைவிட்டுப் போய்விடும் பாட்டப் பெயரே.

இந்தப் பாட்டத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் உரிமை மட்டும் பதிவு செய்தவருக்கு உண்டு. பிரீமியம் எனப்படும் விலையுயர்ந்த பெயர்களின் வணிகம் முழுவதும் இந்த ஒற்றை உரிமையின் மேல் நிற்கிறது. ஒரு சாதாரணப் பெயரைப் பதிவு செய்ய ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயளவே செலவாகும். ஆனால் ஓர் எழுத்துக்கூட்டை உலகில் ஒருவரே வைத்திருக்க முடியும் என்பதாலும், எளிய சொற்கள் அனைத்தையும் முன்னரே பிறர் எடுத்துவிட்டனர் என்பதாலும், குறுகிய, பிழையின்றித் தட்டக்கூடிய, பொருள் தெளிந்த பெயர்கள் இரண்டாம் கைச் சந்தையில் மிகப் பெரிய விலைக்குப் போகின்றன. ஃபேஸ்புக் தன் பெயரின் முன்னிருந்த ஆங்கிலச் சுட்டுச்சொல்லைக் களைந்து இன்றைய முகவரிக்கு மாற 2005இல் 2 லட்சம் டாலர் கொடுத்தது. டெஸ்லா தன் பெயருக்குரிய டாட் காம் முகவரியை 2016இல் பெற்றபோது, அதற்குப் பத்தாண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பும் 1.1 கோடி டாலரும் ஆனதாகப் பின்னர் ஈலான் மஸ்க் தெரிவித்தார். 2019இல் வாய்ஸ் டாட் காம் என்னும் பெயர் 3 கோடி டாலருக்கு, அன்றைய மதிப்பில் 200 கோடி ரூபாய்க்கு மேல், கைமாறியது. அந்தப் பெயரில் தொடங்கப்பட்ட சமூக ஊடகமோ நிலைக்கவில்லை.

விலையுயர்ந்த பெயர் வெற்றியைக் கொண்டுவரும் என்னும் நம்பிக்கைக்கு இது போதுமான மறுப்பு. டிராப்பாக்ஸ் நிறுவனம் தன் பெயருக்கு முன் ஓர் ஆங்கில வினைச்சொல்லை ஒட்டிய நீண்ட முகவரியிலேயே தொடங்கி, பல லட்சம் பயனர்கள் சேர்ந்த பின் 2009இல்தான் சரியான முகவரிக்கு மாறியது. முதலில் தொழிலும் பின்னர் பெயரும் என்னும் இந்த வரிசையே சிறு முதலீட்டாளருக்கு ஏற்றது. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு டான்சீட் திட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் ஆதார நிதி வழங்குகிறது. அதன் வட்டார மையம் ஒன்று திருநெல்வேலியில் இயங்குகிறது. அப்படிக் கிடைக்கும் நிதியில் பாதியை ஒரு பெயருக்குக் கொடுத்துவிட்டுப் பொருளைச் செம்மைப்படுத்தப் பணமின்றி நிற்பது பெரும் தவறு.

தமிழ்நாட்டு நிறுவனங்கள் பெயரைத் தேடிய வரலாற்றில் இரண்டு எதிரெதிர் வழிகள் தென்படுகின்றன. ஒன்று, எல்லாரும் அறிந்த பொதுச்சொல்லையே பெயராகக் கொள்வது. முருகவேல் ஜானகிராமன் 1997இல் அமெரிக்காவில் இருந்தபோது அங்குள்ள தமிழர்களுக்காகத் தொடங்கிய இணையதளத்தில் வரன் பார்க்கும் பகுதிக்கே மிகுதியான வரவேற்பு இருந்ததைக் கண்டு, அதைத் தனித் தொழிலாக வளர்த்தார். பாரத் மேட்ரிமொனி என்று பரவிய அத்தொழிலின் தாய் நிறுவனம் 2011இல் மேட்ரிமொனி டாட் காம் என்று தன் பெயரையே மாற்றிக்கொண்டு, 2017இல் பங்குச் சந்தைக்கு வந்தது. பொருளை விளக்கும் சொல்லே பெயராக இருப்பதால் விளம்பரத்துக்கு அது வசதி. ஆனால் அதே காரணத்தால் சட்டத்தின் முன் அது வலுக்குறைந்தது. தேடுபொறி விளம்பரங்களில் தன் பெயரிலுள்ள சொற்களைப் போட்டி நிறுவனங்கள் பயன்படுத்தியதை எதிர்த்து அந்நிறுவனம் தொடுத்த வழக்கில், அவை தொழிலை விவரிக்கும் பொதுச்சொற்கள் என்பதை 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் முக்கியமாகக் கருதியது.

மற்றொரு வழி, அகராதியில் இல்லாத சொல்லை உருவாக்குவது. சத்யம் இன்ஃபோவே என்னும் பெயரைச் சுருக்கி 'சிஃபி' என்ற சொல்லைப் படைத்த சென்னை நிறுவனம், 1999இல் அச்சொல்லைக் கொண்ட பல களப்பெயர்களைப் பதிவு செய்தது. 2001இல் வேறொரு நிறுவனம் ஓர் எழுத்தை மட்டும் இரட்டித்து ஏறத்தாழ அதே ஒலியுள்ள பெயர்களைப் பதிவு செய்தபோது, வழக்கு பெங்களூரு நகர நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. களப்பெயர் வெறும் முகவரி மட்டும் அன்று, வணிகத்தின் அடையாளமும் ஆகும் என்றும், ஒருவர் சரக்கை மற்றொருவர் சரக்கெனக் காட்டி ஏய்ப்பதற்கு எதிரான வணிகக்குறிச் சட்ட நெறி அதற்கும் பொருந்தும் என்றும் 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. களப்பெயர்களுக்கெனத் தனிச் சட்டம் இல்லாத இந்தியாவில் இன்றும் இத்தீர்ப்பே அடித்தளம். சிஃபி என்பது படைக்கப்பட்ட சொல்லாக இருந்தது அவ்வழக்கில் அந்நிறுவனத்துக்குப் பெருந்துணையாயிற்று.

ஜோஹோவும் இவ்வழியில் வந்ததே. 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய அந்நிறுவனம், சிறு அலுவலகம், வீட்டு அலுவலகம் ஆகியவற்றைக் குறிக்கும் 'சோஹோ' என்னும் ஆங்கிலச் சுருக்கத்தின் முதலெழுத்தை மாற்றி 2005இல் இப்பெயரை அறிமுகப்படுத்தி, 2009இல் நிறுவனத்துக்கே அதைச் சூட்டிக்கொண்டது. ரோமன் எழுத்தில் நான்கெழுத்தாகும் பொருளற்ற சொல் ஒன்றுக்கு இன்று உலகெங்கும் பொருள் ஏற்பட்டிருப்பது, தென்காசி அருகே மத்தளம்பாறையிலுள்ள அலுவலகம் வரை பரந்த அதன் உழைப்பினால் விளைந்தது. பிரீமியம் பெயர் என்பது வாங்கப்படுவது மட்டுமல்ல, ஆக்கப்படுவதும்தான் என்பதற்குத் தென் தமிழகத்தில் இதைவிடப் பக்கத்துச் சான்று கிடைக்காது.

குமரி மாவட்டத்துத் தொழில்முனைவோர் ஊர்ப்பெயரைத் தொழிற்பெயரோடு சேர்க்கவே பெரிதும் விரும்புகின்றனர். நாகர்கோவில் என்றால் நேந்திரங்காய் சிப்ஸும், தோவாளை என்றால் பூவும், ஈத்தாமொழி என்றால் தேங்காயும் நினைவுக்கு வரும்போது அந்த விருப்பம் இயல்பானது. எனினும் அதில் இரண்டு தடைகள் உள்ளன. பொருள் எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதை மட்டும் குறிக்கும் சொற்களை வணிகக்குறியாகப் பதிவு செய்ய 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. ஆகவே ஊர்ப்பெயரையும் பண்டத்தின் பெயரையும் சேர்த்து அமைத்த பெயரைப் பின்னால் காப்பது கடினம்.

இரண்டாவது தடை எழுத்துக்கூட்டு. இதுவே மிகப் பெரியது, மிகக் குறைவாகப் பேசப்படுவதும் ஆகும். குமரி மாவட்டத்து ஊர்ப்பெயர்கள் திருவிதாங்கூர் அரசு ஆவணங்கள் வழியாகவும் ஐரோப்பியர் நாவின் வழியாகவும் ரோமன் எழுத்துக்கு வந்தவை. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் அவ்வெழுத்துக்கூட்டுகள் அப்படியே நிலைத்தன. தக்கலையையும் குளச்சலையும் நாகர்கோவிலையும் அரசு ஆவணத்தில் எழுதும் முறைக்கும், செவியால் கேட்ட வெளியூர்க்காரர் கைப்பேசியில் தட்டும் முறைக்கும் தொடர்பே இராது. கன்னியாகுமரி என்பதையே மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம் 'ன்' ஒலிக்கு இரண்டு எழுத்திட்டு எழுதுகிறது. பெரும்பாலோர் ஓர் எழுத்தோடு நிறுத்துகின்றனர். ரயில்வேயின் நிலையக் குறியீடோ பழைய கேப் கொமரின் என்ற பெயரின் எச்சமாக இன்றும் 'கேப்' என்றே இருக்கிறது. நாஞ்சில் என்னும் சொல்லில் 'ஞ்சி'யை இரு வகையாக எழுதுகிறார்கள். ஈத்தாமொழியின் தொடக்க ஈகாரத்தை இரு வகையாகவும், நடுவிலுள்ள நெடிலை இரு வகையாகவும், இறுதி 'ழி'யை மூன்று வகையாகவும் எழுதலாம் என்று கொண்டாலே பன்னிரண்டு வடிவங்கள் ஆகின்றன. அத்தனையையும் ஒரு சிறு எண்ணெய் ஆலை பதிவு செய்துகொண்டிருக்க முடியாது. தமிழ்நாடு அரசே 2020இல் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி ஆணையிட்டு, எதிர்ப்புகளுக்குப் பின் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது இச்சிக்கலின் ஆழத்தைக் காட்டும்.

ஆகவே பெயரைத் தேர்ந்தெடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுண்டு. பெயரைத் தொலைபேசியில் ஒருமுறை மட்டும் சொல்லி, கேட்ட பத்துப் பேரை ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் ஒரே மாதிரி எழுதினால் அப்பெயர் நல்ல பெயர். ஆளுக்கொரு விதமாக எழுதினால், எவ்வளவு அழகான தமிழ்ச்சொல்லாயினும் இணைய முகவரிக்கு அது உதவாது. ழ, ள, ற ஆகிய எழுத்துகளும் நெடில்களும் குறைந்த சொற்களே இதில் தேறுகின்றன. மட்டி வாழைப்பழத்தை விற்க வரும் ஒருவர், 'மட்டி' என்பது சிப்பி வகையையும் குறிக்கும் என்பதையும், ரோமன் எழுத்தில் அது 'மத்தி' மீனோடு மயங்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழ் எழுத்திலேயே முகவரி அமைத்துக்கொண்டால் இந்த மயக்கம் தீரும். அதற்கு வழியும் உண்டு. இலங்கை 2010இல் 'இலங்கை' என்னும் ஈற்றையும், சிங்கப்பூர் 2011இல் 'சிங்கப்பூர்' என்னும் ஈற்றையும் பெற்றன. அதே 2011இல் 'இந்தியா' என்னும் தமிழ் ஈறும் உலகப் பேரேட்டில் ஏறியது. எனினும் தமிழ் எழுத்துகளை உள்ளூரக் கணினி ஒரு ரோமன் எழுத்துக் கோவையாக மாற்றியே கையாள்கிறது. பல மின்னஞ்சல் சேவைகளும் படிவங்களும் தமிழ் முகவரியை இன்னும் ஏற்பதில்லை. இது மொழியின் குறையன்று, மென்பொருள் செய்வோரின் அசட்டை. தமிழ் முகவரியைத் துணை முகவரியாக வைத்துக்கொள்வதே இப்போதைக்கு இயலும்.

ஹேண்டில்களின் நிலை களப்பெயரைவிட நிலையற்றது. களப்பெயரையாவது சட்டப்படி கைமாற்றலாம். இன்ஸ்டாகிராம் தன் கணக்குகளையும் பயனர்பெயர்களையும் விற்பதையோ வாங்குவதையோ விதிகளில் தடை செய்திருக்கிறது. இடைத்தரகரிடம் பணம் கொடுத்துப் பெற்ற பெயரை நிறுவனம் எந்த நாளும் முடக்கலாம். கொடுத்த பணத்தை எங்கும் கேட்க முடியாது. நீள வரம்பையும் கவனிக்க வேண்டும். இன்ஸ்டாகிராம் 30 எழுத்து வரை அனுமதிக்கிறது. எக்ஸ் தளத்திலோ 15 எழுத்துதான். கன்னியாகுமரியைச் சுருக்கமாக எழுதினாலே 11 ரோமன் எழுத்துகள். அதனோடு சிப்ஸ் என்ற 5 எழுத்தைச் சேர்த்தால் 16 ஆகிப் பெயர் வாசலிலேயே நின்றுவிடும். எல்லாத் தளங்களிலும் ஒரே பெயர் வேண்டுவோர் இந்தப் பதினைந்தையே தமக்குரிய அளவாகக் கொள்ளலாம். விரும்பிய பெயர் ஏற்கெனவே போயிருந்தால், எல்லாத் தளங்களிலும் ஒரே பின்னொட்டைச் சேர்த்துக்கொள்வது, தளத்துக்கு ஒரு வடிவமாகச் சிதறிக் கிடப்பதைவிட மேல்.

பெயரை வெளியே சொல்வதற்கு முன் பதிவு செய்துவிட வேண்டும் என்பதைப் பெரிய நிறுவனங்களும் தவறவிட்டிருக்கின்றன. ஜியோவும் ஹாட்ஸ்டாரும் இணையக்கூடும் என்று 2023இலேயே கணித்து இரண்டு பெயர்களையும் சேர்த்து ஒரு முகவரியைப் பதிவு செய்த தில்லி இளைஞர் ஒருவர், 2024 அக்டோபரில் தம் மேற்படிப்புச் செலவை ஏற்றால் அதைத் தருவதாக வெளிப்படையாக அறிவித்தது நாடெங்கும் பேசப்பட்டது. ஆகவே, பெயர் முடிவான அன்றே களப்பெயர், மூன்று நான்கு ஹேண்டில்கள், வணிகக்குறி விண்ணப்பம் ஆகிய மூன்றையும் முடித்துவிடுவதே நல்லது. சென்னை கிண்டியிலுள்ள வணிகக்குறிப் பதிவகத்துக்குத் தனிநபரோ புத்தொழில் நிறுவனமோ இணையவழியில் விண்ணப்பிக்க ஒரு வகைப் பண்டத்துக்கு 4,500 ரூபாய் கட்டணம். பின்னாளில் ஒருவர் பெயரைக் களவாடினால் 1999இல் ஐகேன் ஏற்படுத்திய தாவாத் தீர்வு முறையையோ, டாட் இன் பெயர்களுக்கு நிக்சி வகுத்த முறையையோ நாட இந்த வணிகக்குறியே முதற்கருவி.

ஏற்கெனவே பிறர் கையிலுள்ள பெயரை விலை பேச நேர்ந்தால், முன்பணத்தை நேரே அனுப்பாமல், பெயர் கைமாறிய பின்னரே விற்பவருக்குப் பணத்தை விடுவிக்கும் எஸ்க்ரோ எனப்படும் நடுவர் சேவை வழியாகவே செலுத்த வேண்டும். அதனினும் பரவலான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இணையதளம் வடிவமைத்துத் தருபவர் தம் கணக்கிலேயே, தம் மின்னஞ்சலிலேயே களப்பெயரைப் பதிவு செய்துவிடுவதும், உரிமையாளர் அதைப் பல ஆண்டுகள் அறியாதிருப்பதும் சிறு ஊர்களில் சாதாரணம். அவர் ஊர் மாறினாலோ, உறவு கசந்தாலோ, புதுப்பிக்க மறந்தாலோ பெயர் போயிற்று. பாட்டச்சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவரே பாட்டக்காரர். டாட் காம் பெயர் காலாவதியானால் பதிவாளர் அளிக்கும் சலுகை நாட்களும், கூடுதல் கட்டணத்தோடு மீட்கும் 30 நாட்களும், இறுதியில் 5 நாட்களும் கடந்து பொதுவில் விடப்படும். அந்த நொடிக்காகக் காத்திருக்கும் தானியங்கிகள் உடனே அதைக் கவர்ந்துகொள்ளும்.

கட்டணம் தவறாமல் கட்டியவருக்கும் பாட்டம் பறிபோகலாம் என்பதை ஜோஹோவே அனுபவித்தது. 2018 செப்டம்பர் 24 அன்று, அந்நிறுவனத்தின் மின்னஞ்சல் சேவையைச் சிலர் மோசடிக்குப் பயன்படுத்தியதாக வந்த புகார்களைக் காட்டி, அமெரிக்கப் பதிவாளர் நிறுவனம் ஜோஹோவின் களப்பெயரையே முடக்கியது. உலகெங்கும் பல்லாயிரம் அலுவலகங்கள் தங்கள் மின்னஞ்சலையும் கணக்குப் புத்தகங்களையும் திறக்க முடியாமல் நின்றன. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு டுவிட்டரில் பொதுவெளியில் உதவி கேட்க நேர்ந்தது. அதன் பின் அந்நிறுவனம் பதிவாளரை மாற்றிக்கொண்டது. பெயரின் விலையைவிட, அதைக் காக்கும் பதிவாளரின் தரமும், அவசரத்தில் பேசக் கிடைக்கும் மனிதரும் முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் நிகழ்வு இல்லை.

ஈற்றெழுத்தின் நாகரிகத்துக்கு மயங்குவதும் கூடாது. மென்பொருள் புத்தொழில்கள் விரும்பும் டாட் ஐஓ என்பது குமரிக்குத் தெற்கே பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளுக்குரிய ஈறு. அத்தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்க 2025 மே மாதம் பிரிட்டன் உடன்படிக்கை செய்ததால் அந்த ஈற்றின் வருங்காலம் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. டாட் ஏஐ என்பதும் கரீபியத் தீவான அங்குவிலாவுடையதே.

குமரி மாவட்டம் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, நாகர்கோவில் கோயில் நகை, 2021இல் கன்னியாகுமரி கிராம்பு, 2023இல் மட்டி வாழை, 2025இல் தோவாளை மாணிக்க மாலை எனப் புவிசார் குறியீடு பெற்ற பெயர்கள் பல இம்மாவட்டத்துக்கு உள்ளன. புவிசார் குறியீடு மட்டும் இருந்தால், ஐகேனின் தாவா முறையில் வழக்காட முடியாது. அது வணிகக்குறிகளை மட்டுமே ஏற்கிறது. ஆகவே இப்பெயர்களில் ஒன்றை முகமறியாத ஒருவர் டாட் காம் முகவரியாக எடுத்துக்கொண்டால், பயிரிட்டவரும் பூக்கட்டியவரும் அதை மீட்பது அரிது. இக்குறியீடுகளை வைத்திருக்கும் விவசாயிகள் சங்கங்களும் கைவினைஞர் அமைப்புகளும், வழக்கிலுள்ள இரண்டு மூன்று எழுத்துக்கூட்டுகளிலும், தமிழ் எழுத்திலும், தத்தம் பெயருக்குரிய முகவரிகளையும் ஹேண்டில்களையும் சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்து, பத்தாண்டுக்குப் புதுப்பித்து வைக்க வேண்டும். மாவட்ட நிர்வாகமும் தொழில் மையமும் இதில் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும். அப்பெயர்கள் இன்றே பதிவு செய்யக் கிடைத்தால், ஒரு பெயருக்கு ஆகும் ஆண்டுச் செலவு ஆயிரம் ரூபாயளவுதான்.